இரண்டாவது ஆள்

“…நிறுத்தாத ஆத்தா. இன்னும் வெயில்கூட ஏறல. நேத்து இந்நேரத்துக்கு எங்கொலத்தையே இழுத்து வச்சு ஏசுன. இன்னைக்கு என்ன, தொண்டை கட்டிக்கிருச்சா? ஏசு” என்றாள் டீக்கார அக்கா.

நான் வேலியோரம் பைக்கை நிறுத்தியிருந்தேன், இன்னும் இறங்கவில்லை. முற்றத்துக் கருவேல மரத்தடியில் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய டீ கேன். எதிரே வாசல் நிலையில் சாய்ந்தபடி, போன மாதம் இளைய மகனைப் பறிகொடுத்த அம்மா. கருமாதி முடிந்து, வந்த சொந்தமெல்லாம் முதுகுளத்தூர் பஸ் ஏறிப் போய்விட்டது. மூத்த மகன் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. தினமும் விடிந்ததும் அக்கா அங்கே வந்து உட்காருவாள், அந்த அம்மா அவளை ஏசுவாள். அன்றைக்கு ஏசிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஏச்சு நின்றால் யாரும் விட்டது சனியன் என்று எழுந்து போவார்கள். அக்கா நிறுத்தாதே என்கிறாள்.

இந்த இடத்துக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்று சொல்வதானால், அவள் உட்காருகிற விதத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் குழாய் வேலை பார்ப்பவன். இராமநாதபுரத்திலிருந்து கடலைப் பார்த்து வருகிற சாலையில், இரண்டு பக்கமும் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கும் ஊர் எங்களுடையது. பாதாளச் சாக்கடை எல்லாம் எங்களுக்கு டிவியில் பார்க்கிற சமாச்சாரம். வீட்டுக்கு வீடு ஒரு செப்டிக் டேங்க். நாங்கள் தொட்டி என்போம். வீடு கட்டுகிற இடம் எதுவானாலும் காலையில் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை அக்காவின் மொபெட் சத்தம் கேட்கும். முன்னால் டீ கேன், பின்னால் துணி மூடிய வடைத் தூக்கு.

நின்றுகொண்டு அவள் ஊற்றிக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. வந்ததும் செங்கல் அடுக்கோ, கவிழ்த்துப் போட்ட சாந்துச்சட்டியோ, எது கிடைக்கிறதோ அதில் உட்காருவாள். காலை நீட்டுவாள். அதற்குப் பிறகுதான் கேன் திறக்கும். அவசரக்காரன் எவனாவது நின்றபடி கை நீட்டினால், “நின்னுக்கிட்டே குடிக்கிறதுக்குப் பேரு டீ இல்லடா, மாத்திரை” என்பாள். அவனும் உட்காருவான்.

ஒரு கோடையில் தண்ணீர் லாரி அவள் தெருவை விட்டுவிட்டு நேரே போகப் பார்த்தது. அக்கா நடு ரோட்டில் போய் உட்கார்ந்தாள். டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

“ஹாரன் அடிச்சா எந்திரிக்க நான் என்ன வெள்ளாடா?”

“எக்கா, ஏத்திருவேன், எந்திரி!”

“ஏத்து. ஏத்திட்டு எறங்கி வந்து, குழாயத் தெறந்து விட்டுட்டுப் போ. பொம்பளைக கொடத்தோட நிக்கிறாக.”

டிரைவர் இறங்கினான். குழாயைத்தான் திறந்தான்.

இன்னொரு தடவை, வேலைக்கு வந்த ஒரு சித்தாள் பெண்ணை மேஸ்திரி கன்னத்தில் அறைந்துவிட்டான். கலவை போட்டுத் தயாராக இருந்தது. அக்கா இரண்டு மண்வெட்டிகளையும் இழுத்துத் தனக்கு அடியில் போட்டு, கலவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எறுகுதுக்கா, வீணாப் போவுதுக்கா” என்று மேஸ்திரி கெஞ்சுகிறான். “எறுகட்டும். அவ கன்னம் எரியிறது நிக்கிற வரைக்கும் எறுகட்டும்” என்றாள். அவன் அந்தப் பெண்ணிடம் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தப்புத்தான் என்று சொன்ன பிறகுதான் மண்வெட்டி கைக்கு வந்தது. பாதிக் கலவை அதற்குள் கல்லாகியிருந்தது.

ஊரில் இதற்கெல்லாம் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். அவள் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கி வைத்துக்கொள்வது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிப்போனது. பாய் வீட்டில் கக்கூஸ் அவர்கள் தொழுகிற கிப்லாத் திசையைப் பார்த்து இருக்கக் கூடாது, மற்ற வீட்டில் தொட்டி ஈசானிய மூலையில் வரக் கூடாது என்று நான் அளந்து அளந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, “மனுசனுக்குத்தான் தம்பி தெசை. நாத்தத்துக்கு ஏது தெசை, எந்தப் பக்கம் வச்சாலும் அது பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்” என்றாள். நான் இன்றைக்கும் வேலை பேசுகிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறேன்.

ஆனால் தொட்டி வேலை நடக்கிற இடத்தில் மட்டும் அவளை யாருக்கும் பிடிக்காது.

எங்கள் மண்ணில் தொட்டி கட்டுவது மேட்டுக்காட்டு ஊர்களில் கட்டுவது போல இல்லை. ஆள் உயரம் தோண்டுவதற்கு முன்பே தண்ணீர் ஊறும். மணல் நாலு பக்கமும் சரியும். மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே கம்பி கட்டிக் கான்கிரீட் போட வேண்டும். கட்டி முடித்த தொட்டியைக் காலியாக விட்டால், ஐப்பசி மழைக்கு ஊற்று ஏறி, வள்ளத்தைத் தூக்குகிற மாதிரி தொட்டியை மேலே தூக்கிவிடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டின் கொல்லையில் தொட்டி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் பூட்டிய குழாயெல்லாம் முருங்கைக் கொப்பு மாதிரி முறிந்து கிடந்தது. அந்தப் பயத்தில், மேல்தளம் போட்ட கையோடு உள்ளே தண்ணீரை விட்டு வைப்பார்கள். தண்ணீர் பாரத்தில் தொட்டி அசையாமல் இருக்கும். ஆள் இறங்குகிற ஓட்டையை மூடி, சாக்கைப் போர்த்தி, மணலைத் தள்ளிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். தளத்தைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளும் முட்டுக் கட்டைகளும் உள்ளேயே தண்ணீரில் ஊறிக் கிடக்கும். மரம் ஊறி அழுகுகிற இடத்தில் காற்று செத்துவிடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

பழைய தொட்டி என்றால் எங்கள் ஆட்கள் நாலு முழம் தள்ளியே நிற்பார்கள். லாரி வந்து உறிஞ்சினால்தான் உண்டு. புதுத் தொட்டி என்றால் யோசனையே கிடையாது. இன்னும் ஒருவரும் உட்காராத கக்கூஸ், ஒரு சொட்டு அசிங்கம் விழாத தொட்டி, இதில் என்ன இருக்கப் போகிறது என்று பலகை பிரிக்கத் திறந்த கையோடு இறங்குவார்கள். எங்கள் ஊர்த் தப்பு அது. அசுத்தத்துக்குத்தான் பயப்படத் தெரியும்.

“பழசுன்னா மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுறான். புதுசுன்னா மாப்பிள்ளை மாதிரி எறங்குறான்” என்பாள் அக்கா. பலகை பிரிக்கிற நாள் எப்போது என்று மோப்பம் பிடித்து வந்துவிடுவாள். மூடியைத் திறந்து ஒரு ராத்திரி ஒரு பகல் அப்படியே போடு என்பாள். வேப்பங்குழையைக் கட்டாகக் கட்டி, கயிற்றில் இறக்கித் தூக்கி, இறக்கித் தூக்கி, உள்ளே கிடக்கிற காற்றைக் கலக்கி விடு என்பாள். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு இருக்கிறதா என்று பார்ப்பாள். அவன் மேலே ஏறி வருகிற வரை ஓட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். மற்ற இடத்துக்கு டீ கொண்டுபோக நேரமானாலும் நகர மாட்டாள்.

“அக்கா வந்தாச்சு, தொட்டிக்கு இனி மூடி வாங்க வேணாம்” என்று மேஸ்திரிமார் கேலி பேசுவார்கள். வீட்டுக்காரர்களுக்கு அந்தக் கேலியும் வராது. புதுவீட்டில் வந்து சாவைப் பற்றிப் பேசுகிறாளே என்று முகம் சுருங்கும். “நல்லது நடக்குற எடம்மா இது, வாயில நல்ல வார்த்தை வரட்டும்” என்று ஒரு வீட்டுப் பெரியம்மா நேரடியாகவே சொன்னாள். “எவன் செத்தாலும் நல்லதுதான் நடக்குமா இங்கன?” என்று அக்கா திருப்பிக் கேட்டாள். அந்த வீட்டில் அதோடு அவள் டீ நின்றது.

ஒரு நாள் நான் கேட்டேன்: “ஒருத்தன் எறங்குறதுக்கு ஏன்க்கா இந்தப் பாடு? கயிறுதான் கட்டியாச்சே.”

“மொத ஆளுக்காக நான் உக்காரலடா தம்பி” என்றாள். “மொத ஆளு தெரியாம எறங்குவான். ரெண்டாவது ஆளு பாசத்துல எறங்குவான். மூணாவது ஆளு மானத்துல எறங்குவான். தெரியாதவனுக்குச் சொல்லிப் புரிய வைக்கலாம். பாசத்துல குதிக்கிறவன் காதுல எது ஏறும்? அவனுக்கு முன்னாடி உக்காந்துக்கிறதுதான் வழி.”

அவள் கதையை அவள் கோவையாகச் சொன்னதில்லை. நான் ஒட்டுப்போட்டுத் தெரிந்துகொண்டதுதான். அவள் புருசன் சென்ட்ரிங் வேலைக்காரர். உத்தரகோசமங்கைக்கு அப்பால் எங்கோ ஒரு வீட்டில், இதே மாதிரி ஒரு புதுத் தொட்டியில் பலகை பிரிக்க இறங்கினார். அப்போது அக்கா அதே இடத்தில் சித்தாள். உள்ளே தட்டுகிற சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால் அவர் தண்ணீரில் குப்புறக் கிடக்கிறார். அவளுடைய கூடப்பிறந்த தம்பி கம்பி வளைத்துக்கொண்டு நிற்கிறான். “ஏலே, மச்சானத் தூக்குடா, ஓடியாடா” என்று அக்கா கத்தினாள். அவன் ஓடி வந்து குதித்தான். இரண்டு பேரையும் சேர்த்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

“அன்னைக்கு நான் நின்னுக்கிட்டு இருந்தேன். நிக்கிறவ கத்தத்தான் செய்வா. உக்காந்திருந்தா யோசிச்சிருப்பேன்” என்று ஒரு தடவை சொன்னாள். அதைச் சொல்லும்போது வடைத் தூக்கின் துணியைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

தன் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். “எங்காத்தாவுக்கு அவன் ஒரே ஆம்பளப் புள்ள. நாந்தான் கூப்புட்டுக் குதிக்க வச்சேன்னு அவளுக்குத் தெரியும். சாகுற வரைக்கும் ஒரு வார்த்தை, ஏண்டி இப்படிச் செஞ்சன்னு ஒரு வார்த்தை கேக்கல. சோறு போடுவா. தலைக்கு எண்ண வைப்பா. அந்தச் சோத்தத் தின்னவளுக்குத்தான் தெரியும். ஏசியிருந்தா நான் அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன்.”

இனி அந்த வெள்ளிக்கிழமை.

சவுதியில் இருந்து விடுப்பில் வந்தவர் ஒருவர், திரும்பிப் போவதற்குள் புதுவீட்டில் குடிபோய்விட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், தானே கூட நின்று கல் எடுத்துக் கொடுப்பார். தொட்டிக்குத் தளம் போட்டு, தண்ணீர் விட்டு, மூடி மணல் தள்ளியிருந்தது. நடுவில் மழை வேறு. நான் உள்ளே குழாய் கோர்க்க வேண்டும், அதற்கு முன் பலகை பிரிய வேண்டும். முந்தின நாள் அக்கா வந்து மேஸ்திரியிடம், “நாளைக்கு மூடியத் தெற, சனிக்கிழமை பலகையப் பிரி” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவரும் சரி என்றார்.

பலகை பிரிக்க வந்தவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் பேச மாட்டான், தம்பி வாயை மூட மாட்டான். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டுக்காரர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். மேஸ்திரி மாடியில் இருந்தார். மூடியைத் திறந்து மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். நான் பக்கத்துச் சுவரில் குழாய்க்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன்.

“நாளைக்குன்னுல்லடா சொன்னாக” என்று அண்ணன் சொன்னது கேட்டது.

“டீக்கார அக்காவுக்கு நீயும் நானும் டீ மட்டும் குடிச்சாப் போதும்ணே, பாடம் எல்லாம் படிக்க வேணாம். தண்ணி முழங்காலு ஆழம் கூட இல்ல, பாரு. குளிக்கலாம் போல இருக்கு.”

இறங்குவதற்கு முன் அவன் கடைசியாகப் பேசியது இதுதான். இரண்டு மூன்று தட்டுச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. “ஏலே” என்று அண்ணன் கூப்பிட்டான். மறுபடியும், “ஏலே.” மூன்றாவது தடவை அவன் கூப்பிட்ட குரலில் நான் பசை டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அந்த நேரத்துக்கு அக்காவின் மொபெட் வந்ததை எங்கள் ஊர் இன்று வரை இரண்டு விதமாகப் பேசுகிறது. கடவுள் கொண்டுவந்தார் என்பவர்கள் உண்டு. எமன் கொண்டுவந்தான் என்பவர்களும் உண்டு. அண்ணன்காரன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டையில் ஒரு காலை விட்டிருந்தான். அக்கா மொபெட்டை அப்படியே சாய விட்டாள், டீ மணலில் ஓடியது. வந்த வேகத்தில் அவனை நெஞ்சில் தள்ளி, ஓட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் குறுக்கே நீட்டி எதிர் ஓரத்தில் ஊன்றிக்கொண்டாள். கால்களுக்கு நடுவே காற்றுப் போக இடம் இருந்தது, ஆள் போக இல்லை.

“எந்திரிக்கா! எந்தம்பிக்கா!”

“தெரியும்டா. எறங்க விடமாட்டேன்.”

அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். தோளில் மிதித்தான். கையில் கிடைத்த பலகைத் துண்டை எடுத்து அவள் முழங்காலில் அடித்தான், அடித்துக்கொண்டே அழுதான். அவள் கால் மடங்கவில்லை. “அடி. அடிச்சுக்கிட்டே அவன் பேரச் சொல்லிக் கூப்புடு. ஒன் கொரலு கேக்கட்டும் அவனுக்கு” என்றாள். என்னைப் பார்த்து, “தம்பி, கரைக்கு ஓடு. வள்ளத்து நங்கூரம் கயித்தோட கொண்டா” என்று கத்தினாள். மேஸ்திரி மாடியிலிருந்து இறங்கி வந்து அண்ணன்காரனை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் தீயணைப்புக்குப் போன் போட்டார். அது இராமநாதபுரத்திலிருந்து வர வேண்டும்.

நான் ஒரு மீனவரையும் அவருடைய கொக்கி நங்கூரத்தையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அக்காவின் கால்களுக்கு நடுவிலேதான் அவர் அதை இறக்கினார். வலையை மீட்கிறவர் கை அது. தடவித் தடவி, அவன் கால்சட்டை இடுப்பில் கொக்கியை மாட்டினார். எல்லோருமாக இழுத்தோம், அப்போதுதான் அக்கா காலை விலக்கினாள். அவன் வந்தான். மூக்கில் நுரை இருந்தது. உடம்பில் சூடும் இருந்தது. மூச்சு மட்டும் இல்லை.

விழுந்த கொஞ்ச நேரத்திலேயே போயிருப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அண்ணனும் இறங்கியிருந்தால் இரண்டு பிணம் என்று தீயணைப்பு ஆள் சொன்னார். ஊர் சொன்னது வேறு. டீக்காரி ஓட்டையில் உட்கார்ந்து காற்றை அடைத்துவிட்டாள், இல்லாவிட்டால் அண்ணன் தூக்கியிருப்பான். இதைச் சொன்ன வாய்கள் இன்னொன்றையும் சொல்லின, அது மெதுவாக, அண்ணன்காரன் காதுபடவே: தம்பி உள்ளே கிடந்தான், இவன் மேலே நின்றுகொண்டிருந்தான்.

சாவு வீட்டுக்கு அக்கா போனாள். அங்கே வருகிற பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுவது வழக்கம். அழ வந்தவள் பகையாளியானாலும் கை கொடுப்பார்கள். அக்காவுக்கு யாரும் கை கொடுக்கவில்லை. வட்டத்துக்கு வெளியே அடிபட்ட முழங்காலை நீட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“மூத்தவனும் எறங்கியிருந்தா ரெண்டு பேரும் வந்திருப்பாக. இல்ல, ரெண்டு பேரும் போயிருப்பாக. எம்புள்ளைகளப் பங்கு வைக்க நீ யாருடி?”

சொந்தக்காரர்கள் அவளைத் தோளைப் பிடித்துத் தெருவில் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள் விடிய வந்து முற்றத்து மரத்தடியில் உட்கார்ந்தாள். அந்த அம்மா வெளியே வந்து, மண்ணை வாரித் தூற்றி ஏசினாள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. வம்சத்தை இழுத்து, தாலி அறுந்ததை இழுத்து, காலைச் சொல்லி, கண்ணைச் சொல்லி, வெயில் முற்றத்துக்கு வருகிற வரை ஏசுவாள். பிறகு களைத்துப் போய் உள்ளே போவாள், இரண்டு வாய் கஞ்சி குடிப்பாள். அக்கா மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போவாள். பல இடங்களில் அவளிடம் டீ வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் போவாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் வழியில் மறித்துக் கேட்டேன். “ஒனக்கு என்னக்கா தலையெழுத்து? நீ காப்பாத்துனவக்கா.”

“நான் காப்பாத்துனவன் உள்ள கெடக்கான்” என்றாள். “போன வாரம் கழுத்தளவு கடல்ல நின்னவன வலைக்காரங்க கொண்டாந்து விட்டுருக்காக, தெரியும்ல? அவங்காத்தாவுக்கு ஏச ஒரு ஆளு வேணும்டா. நான் அங்கன இல்லேன்னா, அவ கண்ணு அடுத்தாப்புல யாரத் தேடும்? ஊரே சொல்லுது, நீ ஏன் நின்னன்னு. பெத்தவ வாயில இருந்து அது வரல இன்னும். வந்துச்சுன்னா அவன் திரும்பக் கடலுக்குத்தான் போவான். நங்கூரம் எல்லாம் எட்டாது அப்ப.”

“எத்தனை நாளைக்குக்கா?”

“அவளுக்கு அழுகை வர்ற வரைக்கும். அவ இன்னும் அழல. ஏசத்தான் செஞ்சிருக்கா. ரெண்டும் வேற தம்பி.”

அன்று காலை நான் அங்கே போனது மூத்தவனைப் பார்க்கத்தான். வேலைக்குக் கூட்டிப் போகலாம், நாலு பேரோடு இருந்தால் கொஞ்சம் தெளிவான் என்று நினைத்தேன். வேலியோரம் பைக்கை நிறுத்தும்போது அந்த அம்மாவின் ஏச்சு தெரு முனை வரை கேட்டுக்கொண்டிருந்தது. “நீ உக்காந்தியேடி, பாவி…” என்று தொடங்கியவள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் அக்கா நிறுத்தாதே என்றாள், இன்னும் வெயில் ஏறவில்லை என்றாள், ஏசு என்றாள்.

அந்த அம்மா அக்காவைப் பார்த்தாள். பிறகு, என்றைக்கும் இல்லாத அமைதியான குரலில், “ஒன்ன ஏசி என்னடி ஆகப் போவுது. நீ யாரோ ஒருத்தி. டீ விக்கிறவ” என்றாள்.

அக்காவின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. பலகையால் அடித்தபோதுகூட அது அப்படிப் போகவில்லை.

உள்ளே கட்டில் கயிறு முனகியது. மூத்தவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள். இருட்டுக்குள் மகனைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். அவள் உதடு பிரிந்தது.

“ஏண்டா…” என்றாள் அந்த அம்மா.

அதற்கு அடுத்த சொல் வருவதற்குள் அக்கா இரண்டு கையாலும் மண்ணை வாரித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். “உக்காந்தியேடி, பாவி! எம்புள்ள மூச்சு மேல உக்காந்தியேடி! ஒன் காலு ரெண்டும் வெளங்காமப் போக, ஒன் வீட்டுல வெளக்கு எரியாமப் போக, ஒன்னப் பெத்தவ வயிறு பத்தி எரிய!” என்று, அந்த அம்மா விட்ட இடத்திலிருந்து, அதே இழுப்பில், தெருவே வேலிக்கு வந்து எட்டிப் பார்க்கிற சத்தத்தில், தன்னைத்தானே ஏசத் தொடங்கினாள்.